ஊர்ப் பாட்டு அல்ல, ஒருவன் பாட்டு

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் சாயங்காலம் நாலைந்து பேர் கூடியிருந்தோம். நண்பர் சங்கீதப் பிரியர். நம் சங்கீதமும் கேட்பார். மேல்நாட்டுச் சங்கீதமும் கேட்பார். அவருடைய சித்தப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துத் துடைத்துச் சுழலவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேயக் கோஷ்டி 1969-இல் வெளியிட்ட ‘லெட் இட் ப்ளீட்’. அதில் ‘லவ் இன் வெய்ன்’ என்று ஒரு பாட்டு. வீணாய்ப் போன காதல் என்று தமிழில் சொல்லலாம். காதலி ஊரை விட்டுப் போகிறாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடி வரைக்கும் போகிறான் ஒருவன். அவ்வளவுதான் விஷயம்.

பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “யார் எழுதின பாட்டு?” என்று கேட்டார்.

நண்பர் கையை வீசினார். “இதெல்லாம் அங்கே நாட்டுப்பாட்டு ஸார். நம்ம தெம்மாங்கு மாதிரி. பருத்திக் காட்டிலே கறுப்பு ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தது. யார் எழுதினார்கள் என்று யார் கண்டது? ஊர் எழுதினது!”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என்னால் ஆட்ட முடியவில்லை. மறுத்துப் பேச வாயைத் திறந்தேன்; காப்பி வந்துவிட்டது; பேச்சு எங்கேயோ போய்விட்டது. அன்று சொல்லாமல் விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டை ஊர் எழுதவில்லை. ராபர்ட் ஜான்சன் என்ற ஒருவன் எழுதினான். கம்பனை ‘அவன்’ என்று சொல்லும் உரிமையில் இவனையும் ‘அவன்’ என்றே சொல்கிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். எனக்கு ஒரு சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. அதை மறைத்துக்கொண்டு நியாயம் பேசுவது அழகல்ல.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு சிறுகதையில், ஒரு பாட்டி தன் பேரனுக்குக் கதை சொல்லுவாள். அந்தக் கதைக்குள் கதையை நான்தான் ராத்திரி விழித்திருந்து கட்டினேன். எந்தப் பாட்டியும் எனக்கு அதைச் சொன்னதில்லை. ஒரு நாள் ஒரு கதைத் தொகுப்பைப் புரட்டினேன். என் பாட்டி சொன்ன கதை அதில் இருந்தது. என் பெயர் இல்லை. ‘நாட்டுப்புறக் கதை’ என்று போட்டிருந்தது. தொகுத்தவருக்கு எழுதினேன். “பெருமைப்படுங்கள் ஸார், உங்கள் கதை ஜனங்களின் கதையாகிவிட்டது” என்று பதில் வந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

என் நஷ்டம் சின்னது. ஒரு பாட்டுக்காரனுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் எப்படிப்பட்டதென்று எனக்குக் காட்டியது மட்டுமே அதன் உபயோகம்.

ராபர்ட் ஜான்சன் 1911-இல் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஹேஸில்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தான். 1938 ஆகஸ்ட் 16-இல் அதே மாநிலத்துக் கிரீன்வுட் ஊருக்குப் பக்கத்தில் இறந்தான். வயது 27. மரணச் சான்றிதழில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘டாக்டர் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. இந்த 27 வருஷ வாழ்க்கையில் அவனுக்கு ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் உட்காரக் கிடைத்தது ஐந்தே நாட்கள். 1936 நவம்பரில் ஸான் அன்டோனியோ நகரத்து ஓட்டல் அறையில் மூன்று நாள். 1937 ஜூன் 19, 20 தேதிகளில் டாலஸ் நகரத்துக் கட்டடம் ஒன்றில் இரண்டு நாள். மொத்தம் 29 பாட்டுகள். இரண்டாம் தடவை, ஜூன் 20-ஆம் தேதி ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பாடிக் கொடுத்தான். அந்தப் பத்தில் ஒன்று ‘லவ் இன் வெய்ன்’.

அந்தக் காலத்தில் கறுப்பினப் பாடகர்களுக்கு இசைத்தட்டுக் கம்பெனிகள் வைத்திருந்த வழக்கம் எளிமையானது: பாடி முடித்ததும் கையில் ஒரு தொகை, அதோடு சரி. தட்டு எத்தனை விற்றாலும் பாடினவனுக்கு அதில் பங்கு கிடையாது.

இனி, இது ஊர்ப் பாட்டா, ஒருவன் பாட்டா என்பதைப் பாட்டையே வைத்துப் பார்ப்போம்.

ப்ளூஸ் பாட்டுகளில் பெரும்பாலும் சரணங்கள் தனித்தனி மணிகள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். முன்பின்னாக மாற்றினாலும் குடி முழுகிப் போகாது. ‘லவ் இன் வெய்ன்’ அப்படியில்லை. முதல் சரணத்தில் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு நடக்கிறான். இரண்டாவதில் ரயில் வந்து நிற்கிறது. அவள் முகத்தைப் பார்க்கிறான். மூன்றாவதில் ரயில் போய்விடுகிறது; பின்னால் தெரியும் இரண்டு விளக்குகளில் தன் மனத்தைப் பார்க்கிறான். நாலாவதில் வார்த்தையே இல்லை, முனகல்தான். ரயில் கண்ணுக்கு மறைந்தபிறகு சொல்ல என்ன இருக்கிறது? நான் இருபது வருஷமாகச் சிறுகதை எழுதுகிறேன். இதைவிடக் கச்சிதமாக ஒரு கதையை நிறுத்த எனக்குத் தெரியாது. சுமார் இரண்டரை நிமிஷத்தில் ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அடங்கிவிட்டது. சரணத்தின் வரிசையை மாற்றிப் பாடிப் பாருங்கள், பாட்டு செத்துவிடும். பல வாய்களில் உருண்டு வந்த பாட்டுக்கு இப்படிப்பட்ட முதுகெலும்பு இருப்பது அபூர்வம்.

இன்னொரு சாட்சி. இந்தப் பாட்டை அவன் அன்று ஒரு தடவைக்கு மேல் பாடினான். இரண்டு பதிவுகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சிரமப்படவேண்டும். சொல்லும் ஏறத்தாழ அதே. கிட்டாரும் ஏறத்தாழ அதே. தோன்றினபடி வாய்க்கு வந்ததைப் பாடுகிறவனுடைய வேலை அல்ல அது. வீட்டில் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் வேலை.

மூன்றாவது சாட்சி ஒரு பெண். அந்த முனகலின் நடுவில் ‘வில்லி மே’ என்று ஒரு பெயரைக் கூப்பிடுகிறான். வில்லி மே பவல் என்ற அந்தப் பெண், 1990-களின் தொடக்கத்தில் எடுத்த ஓர் ஆவணப்படத்தில் முதியவளாகக் காமிராவுக்கு முன் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசினாள். ஊர் எழுதின பாட்டாம்! எந்த ஊர் ஐயா இந்தப் பெண்ணைக் காதலித்தது?

இதற்கு எதிர்க்கட்சிக்காரர் ஒரு விஷயம் சொல்லுவார். அதை நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டின் மெட்டு முழுக்க ஜான்சனுடையதல்ல. லிராய் கார் என்ற பியானோக்காரன் 1935 பிப்ரவரியில் பதிவு செய்த ‘வென் த ஸன் கோஸ் டவுன்’ என்ற பாட்டின் மெட்டைத் தழுவியது. கார் அதே வருஷம் ஏப்ரலில் இறந்துபோனான். ரயில் விளக்குகளும்கூட ஜான்சனுக்கு முன்பே ப்ளூஸ் பாட்டுகளில் எரிந்துகொண்டிருந்தவைதாம். “அவனே கடன் வாங்கினவன், அவனிடமிருந்து மற்றவர்கள் எடுத்தால் மட்டும் குற்றமா?” என்று கேட்பார்கள்.

சரியான கேள்வி. காருக்குச் சேரவேண்டிய புகழைக் காருக்கே கொடுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜான்சன் அந்த மெட்டை எடுத்து வேறு பாட்டுச் செய்தான். வேறு கதை, வேறு சொல், பியானோவுக்குப் பதில் ஒற்றைக் கிட்டார். ஒரு தொழிலில் இருப்பவர்கள் ஒருவர் பட்டறையிலிருந்து ஒருவர் கருவி எடுத்து வேலை செய்வது எந்த ஊரிலும் உள்ள பழக்கம். பட்டறைக்காரன் செய்து முடித்த நாற்காலியை அப்படியே தூக்கிக்கொண்டு போய், ‘இது காட்டில் முளைத்தது’ என்று சொல்வது வேறு சமாசாரம்.

அப்படித்தான் நடந்தது. எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் கறுப்பினச் சங்கீதத்துக்கென்று ஒரு பெரிய கச்சேரி. ஏற்பாடு செய்த ஜான் ஹாமண்ட் ஜான்சனைத் தேடினார். அவன் நாலு மாதங்களுக்கு முன்பே மண்ணுக்குப் போயிருந்தான். மேடையில் கிராமபோன் வைத்து அவனுடைய இரண்டு தட்டுகளைச் சபையோருக்குப் போட்டுக் காட்டினார்கள். ‘லவ் இன் வெய்ன்’ அப்போது கடைக்கே வரவில்லை. அது 1939-இல்தான் வெளிவந்தது. தன் பாட்டுத் தட்டாகச் சுழல்வதைப் பாடினவன் கேட்கவேயில்லை.

பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மௌனம். 1961-இல் கொலம்பியா கம்பெனி அவனுடைய பதினாறு பாட்டுகளை ஒரு நீள்தட்டாகப் போட்டது. இங்கிலாந்தில் இளைஞர்கள் அதை வைத்துக்கொண்டு பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். ‘லவ் இன் வெய்ன்’ அந்தப் பதினாறில் இல்லை. பிற்பாடு திருட்டுத்தனமாக அச்சடித்த ஒரு தட்டின் வழியாக அது ஸ்டோன்ஸ் கோஷ்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கொலம்பியாவின் இரண்டாவது நீள்தட்டு 1970-இல் இந்தப் பாட்டோடு வருவதற்குள், ஸ்டோன்ஸ் தட்டு உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

அவர்கள் நன்றாகப் பாடியிருக்கிறார்கள். இதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். புதிதாகச் சில சுரங்கள் சேர்த்தார்கள். ரை கூடர் வாசித்த மாண்டலின் இன்னும் காதில் நிற்கிறது. ஜான்சன் மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை இவர்கள் நடுக்கூடத்தில் நின்று சொல்கிறார்கள். சொல்லட்டும். பாட்டு பாடப்படுவதற்குத்தான். என் சண்டை குரலோடு அல்ல. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தோடு. ‘லெட் இட் ப்ளீட்’ முதலில் வெளிவந்தபோது இந்தப் பாட்டை எழுதியவர் பெயர் ‘வுடி பெய்ன்’ என்று இருந்தது. அப்படி ஓர் ஆள் இந்தப் பாட்டை எழுதவில்லை. அது ஒரு புனைபெயர். ராபர்ட் ஜான்சன் என்ற ஆறேழு எழுத்துக்கு அந்த வட்டக் காகிதத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது!

பெயரில் என்ன இருக்கிறது என்று தத்துவம் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தட்டு விற்கும்போது பாடினவனுக்கு ஒரு பங்கு. எழுதினவனுக்கு ஒரு பங்கு. எழுதினவன் யாருமில்லை, ஊர்தான் எழுதிற்று என்று வைத்துக்கொண்டால், ஊர் வந்து பங்கு கேட்கப்போவதில்லை. பாட்டை ‘அமைத்துக் கொடுத்தவர்’ என்று கையெழுத்துப் போடுகிறவருக்கும் அவருடைய பிரசுரக்காரருக்கும் அந்தப் பங்கு போகும். ‘மரபு’ என்ற சொல் கேட்க மரியாதையாக இருக்கிறது. கல்லாப்பெட்டிப் பக்கம் நின்று கேட்டால் அதன் அர்த்தம் வேறு.

இந்தக் கணக்கு கடைசியில் கோர்ட்டுக்கு வந்தது. ஸ்டோன்ஸ் பாடிய ஜான்சன் பாட்டுகள் இரண்டின் உரிமையை அப்கோ என்ற பிரசுரக் கம்பெனி கொண்டாடியது. ஒன்று ‘லவ் இன் வெய்ன்’, மற்றது 1972-இல் பாடிய ‘ஸ்டாப் ப்ரேக்கிங் டவுன்’. கம்பெனியின் வாதம் சாமர்த்தியமானது. அமெரிக்காவின் 1909-ஆம் வருஷத்துச் சட்டப்படி, உரிமைக் குறிப்பு இல்லாமல் பிரசுரமான படைப்பு பொதுச்சொத்து. ஜான்சன் தட்டுகள் 1930-களில் கடையில் விற்றன. விற்றாலே பிரசுரம். ஆகவே அவை அன்றே பொதுச்சொத்தாகிவிட்டன!

இது அடாவடி வாதம் என்று தள்ளிவிட முடியாது. 1995-இல் இதே அப்பீல் கோர்ட்டு, ஜான் லீ ஹூக்கர் என்ற இன்னொரு ப்ளூஸ்காரனின் பாட்டு விஷயத்தில், தட்டு விற்பதும் பிரசுரமே என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பினால் பழைய பாட்டுகள் எத்தனையோ ஒரே நாளில் அநாதையாகும் நிலைமை. 1997-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு அதை மாற்றியது: 1978-க்கு முன் தட்டு விற்றது பாட்டைப் பிரசுரித்ததாகாது என்று. அதை வைத்து 2000-இல் கோர்ட்டு அப்கோவின் வாதத்தைத் தள்ளியது. பாட்டு ஜான்சனுக்கு உரியது என்று நின்றது. டாலஸில் அவன் பாடி அப்போது 63 வருஷம் ஆகியிருந்தது.

ஜான்சனுக்கு உரியது சரி, ஜான்சன் எங்கே? அவனுக்கு வாரிசு யார்? மிஸிஸிப்பியில் கிளாட் ஜான்சன் என்று ஒருவர் சரளைக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ராபர்ட்டுக்கும், அவன் மணம் செய்துகொள்ளாத ஒரு பெண்ணுக்கும் 1931-இல் பிறந்த பிள்ளை. அப்பா ஒரு தடவை பார்க்க வந்தபோது, ப்ளூஸ் பாடுகிறவன் சைத்தானின் ஆள் என்று தாத்தாவும் பாட்டியும் பையனை அருகில் விடவில்லை, வாசலிலிருந்து பார்த்ததுதான். அறுபது வயதுக்கு மேல் அவர் கோர்ட்டுப் படி ஏறினார். அவருடைய தாயின் தோழி முதிய வயதில் சாட்சிக் கூண்டில் ஏறி, மானத்தைப் பாராமல் பழைய உண்மையைச் சொன்னாள். அதே 2000-இல் மிஸிஸிப்பி உச்ச நீதிமன்றம் அவரே வாரிசு என்று உறுதி செய்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. 2015-இல் அவர் காலமானார்.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. மெம்ஃபிஸில் அவனோடு ஒரே குடும்பமாக இருந்த ஆனி ஆண்டர்சன் 2020-இல் ஒரு புத்தகம் எழுதினாள். அவனுக்குச் சோறு போட்டு, போட்டோக்களைப் பத்திரமாய் வைத்திருந்த தங்கள் குடும்பம் வெறுங்கையோடு நின்றதை அதில் சொல்லியிருக்கிறாள். எழுதினவன் பெயரை எழுதவேண்டிய நாளில் எழுதாமல் விட்டால், பிறகு எந்தக் கோர்ட்டு வந்தாலும் கணக்கு நேராவதில்லை.

இன்னொரு களவையும் சொல்லவேண்டும். இதைச் செய்கிறவர்கள் அவனுடைய பரம ரசிகர்கள். ஜான்சன் நடுராத்திரி நாற்சந்தியில் நின்று சைத்தானுக்கு ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றுக்கொண்டான் என்று ஒரு கதை. புத்தகம், சினிமா எல்லாவற்றிலும் இதுதான். உண்மையில் இந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகனைப் பற்றிச் சொல்லப்பட்டது. ராபர்ட்டுக்குக் கற்றுக் கொடுத்தவன் ஐக் ஜிம்மர்மன் என்ற மனிதன். தொந்தரவில்லாத இடம் என்று இருவரும் ராத்திரியில் இடுகாட்டில் உட்கார்ந்து பழகினார்கள். எத்தனை ராத்திரியோ! விரல் எத்தனை தடவை கொப்பளித்ததோ!

ஊர் எழுதியது என்று சொல்கிறவனும், சைத்தான் கொடுத்தது என்று சொல்கிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவருடைய கதையிலும் உட்கார்ந்து உழைத்த மனிதன் இல்லை. ஒரு வெள்ளைக்காரக் கவிஞன் நல்ல பாட்டு எழுதினால் அவன் மேஜை, பேனா, அடித்தல் திருத்தல் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். பருத்திக் காட்டுக் கறுப்பன் எழுதினால் மட்டும், அது காட்டில் முளைத்திருக்கவேண்டும். அல்லது பேய் கொடுத்திருக்கவேண்டும்.

“ஸ்டோன்ஸ் பாடியிராவிட்டால் இந்த ஜான்சன் பெயரை நீர் கேட்டிருப்பீரா?” என்று நண்பர் கேட்பார். கேட்டிருக்கமாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 1990-இல் அவனுடைய பதிவுகள் எல்லாம் சேர்ந்து வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றதற்கு அந்த ஆங்கிலேயப் பிள்ளைகளும் ஒரு காரணம். ஆனால் என் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தவர், ‘நான் இருந்ததால்தான் உம் வீடு ஊருக்குத் தெரிந்தது’ என்று சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வாடகையையும் கேட்பேன்.

ஊர்ப் பாட்டு இல்லவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நாற்று நடுகிறவள் பாட்டும் தாலாட்டும் ஊருடையவைதாம். அவற்றைக் கும்பிடுகிறேன். ஆனால் எழுதினவன் பெயர், தேதி, நாள், அவன் கூப்பிட்ட பெண்ணின் பெயர் வரைக்கும் தெரிந்தபிறகு ‘யார் கண்டது’ என்று கையை வீசுவது அறியாமை ஆகாது. அது சோம்பேறித்தனம், அந்தச் சோம்பேறித்தனத்தில் யாரோ ஒருவருக்கு எப்போதும் லாபம் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அதே நண்பர் வீட்டுக்குப் போகிறேன். ஜான்சன் பாடின ‘லவ் இன் வெய்ன்’ தட்டைக் கையோடு கொண்டுபோகிறேன். முதலில் அது, அப்புறம் ஸ்டோன்ஸ். அன்றைக்கு, “யார் எழுதின பாட்டு?” என்று கேட்டாரே, அவரும் வருவார் என்று நினைக்கிறேன். அவருக்குத்தான் பதில் பாக்கி இருக்கிறது.